பட்டியலில் எழுமாறாக ஆட்களை எடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கமக்கார அமைப்பில் 1,200 பேர் பதிவு. அதில் 50 பேரை எழுமாறாக எடுத்து, அவர்களின் வயலுக்குப் போய்ப் பயிர் அழிவைப் பார்த்து வரவேண்டும். மீன்பிடிச் சங்கத்துக்கு 20 பேருக்குப் போதுமான வலை வந்திருக்கிறது, கேட்பவர்கள் 180 பேர். வன்னியில் இப்படியான தெரிவு வேலை ஓய்வதில்லை. பட்டியல் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மடிக்கணினியில், சாம்ப் (கணினியில் தரவுத்தளத்தை ஓடவிடும் மென்பொருள் தொகுப்பு) போட்ட தரவுத்தளத்திலோ பழைய அக்சஸ் கோப்பிலோ கிடக்கும். கட்டளை ஒரே வரி. முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டின பிறகுதான் தொலைபேசி அடிக்கும்: "உவன் கொம்பியூட்டர்காரன் தன்ர ஆக்களின்ர பேரைத்தான் போட்டிருக்கிறான்."

இப்படி வரும் முறைப்பாடுகளில் களவு இருப்பது அரிது, கோளாறு இருப்பது வழமை. அந்தக் கோளாறும் எழுமாற்று எண்ணைத் தரும் செயற்பாட்டில் இருப்பதில்லை. பட்டியலுக்குள் என்ன போட்டோம், வரியை எப்படி எழுதினோம், முடிவை எப்படி அச்சடித்தோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். அட்டவணையின் பெயர் பயனாளி, ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியின் பெயர் இலக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

எதற்கும் முன்னர்

தரவுத்தளத்தைப் பிரதி எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். பிறகு மொத்தம் எத்தனை நிரை (ஒரு பதிவுக்கு ஒரு நிரை) என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள்: செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரொம் பயனாளி. அடுத்தது, எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்று பாருங்கள்: செலக்ட் வேர்ஷன்(). சாம்பின் பலகையில் மைஎஸ்கியூஎல் என்று பொத்தான் இருந்தாலும், 2015 கடைசிக்குப் பிறகு வந்த சாம்புகளில் உள்ளே ஓடுவது அதன் கிளையான மரியாடிபி. கீழே சில திருத்தங்கள் பதிப்பைப் பொறுத்தவை என்பதால் இதைக் குறித்து வைக்காமல் தொடங்க வேண்டாம்.

## அறிகுறி: எப்ப எடுத்தாலும் அதே ஆட்கள்தான் வருகினம்

வரியில் ஆர்டர் பை (எதை வைத்து அடுக்குவது என்று சொல்லும் பகுதி) இருக்கிறதா? வெறும் லிமிட் 50 (50 நிரை மட்டும் தா) என்று போட்டால் தரவுத்தளம் தனக்கு இலகுவாகக் கிடைக்கும் 50 நிரைகளைத் தரும். அவை பெரும்பாலும் முதலில் பதிந்த 50. எங்கள் பக்கத்தில் இதன் விளைவு வேறு இடங்களை விட மோசம். பல பட்டியல்கள் மீள்குடியேற்றக் காலத்தில் ஊர் ஊராகப் பதியப்பட்டவை. முதலில் திரும்பி வந்த ஊர் முதல் இலக்கங்களில் இருக்கும், கடைசியாக விடப்பட்ட ஊர் கடைசியில் இருக்கும். ஆர்டர் பை இல்லாத வரி ஒவ்வொரு முறையும் முதல் ஊருக்கே கொடுக்கும். ஒவ்வொரு நிரைக்கும் ஓர் எழுமாற்று எண்ணைத் தரும் ராண்ட்() கொண்டு அடுக்கவேண்டும். சரியான வரி இது:

செலக்ட் * ஃப்ரொம் பயனாளி ஆர்டர் பை ராண்ட்() லிமிட் 50;

ராண்டுக்கு முன்னால் வேறு புலம் (பெயர், பிரிவு போன்ற ஒரு பத்தி) நிற்கிறதா? ஆர்டர் பை பெயர், ராண்ட்() என்றால் முதலில் பெயர் வரிசைதான். ஒரே பெயர் உள்ளவர்களுக்கிடையில் மட்டும் குலுக்கல் நடக்கும். அகர வரிசையில் அச்சடிக்க ஆசைப்பட்டு இப்படி எழுதியிருப்பார்கள். குலுக்கலை உள்ளே ஓர் அடைப்புக்குள் முடித்துவிட்டு, வெளியே பெயரால் அடுக்குங்கள்.

அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கிறதா? ராண்ட்(5) என்று எழுதினால் அந்த 5 ஒரு வித்து, அதாவது எண் வரிசை தொடங்கும் புள்ளி. அதே வித்துக்கு அதே வரிசை திரும்பி வரும். யாரோ சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்திருப்பார்கள்.

எந்தத் தரவுத்தளம்? எஸ்கியூஎல் சேர்வரில் ராண்ட்() ஒரு வினவலுக்கு (ஓடவிடும் ஒரு வரிக்கு) ஒரு தடவைதான் கணிக்கப்படும். எல்லா நிரைக்கும் ஒரே எண் விழுவதால் குலுக்கலே நடக்காது. அங்கே ஆர்டர் பை நியூஐடி() போடவேண்டும். அக்சஸில் ஆர்என்டி() என்று வெறுமையாக விட்டாலும் இதே கதை. ஆர்என்டி(இலக்கம்) என்று ஒரு புலத்தைக் கொடுத்தால்தான் நிரைக்கு நிரை மாறும். அப்படிக் கொடுத்தும், அக்சஸை மூடித் திறந்ததும் பழைய வரிசையே வருகிறதென்றால், வினவலுக்கு முன்னர் ரண்டமைஸ் கட்டளை ஓடவேண்டும். அதற்குச் சிறு புரோகிராம் எழுதத் தெரிந்தவர் தேவை. ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இந்த அறிகுறியில் இது ஒன்றுதான்.

## அறிகுறி: திரையில் பார்த்த பெயர் வேறு, அச்சில் வந்த பெயர் வேறு

அதிகம் சண்டை வருவது இதில்தான். கூட்டத்தில் புரொஜெக்டரில் 20 பெயர் காட்டியாயிற்று. அடுத்த நாள் ஒட்டின தாளில் அதில் சிலர் இல்லை. யாரும் கைவைக்கவில்லை என்று எப்படிச் சொல்லுவீர்கள்?

பிஎச்பிமைஅட்மினில் (சாம்போடு வரும், உலாவியில் தரவுத்தளத்தைக் கையாளும் செயலி) எடுத்தீர்களா? வினவலின் முடிவுக்குக் கீழே உள்ள எக்ஸ்போர்ட்டை அழுத்தும்போது, திரையில் உள்ளது கோப்பாவதில்லை. அதே வினவல் இன்னொரு முறை ஓடுகிறது. ராண்ட் இருந்தால் புதிதாக ஒரு குலுக்கல் நடந்துவிடும். பக்கத்தை மீள ஏற்றினாலும் அதேதான். நிரலின் (மேலிருந்து கீழான பத்தியின்) தலைப்பைச் சொடுக்கி அடுக்கினால் ஆர்டர் பை பகுதியே மாறிப்போகும்.

எக்செலில் எடுத்தீர்களா? =ராண்ட்() உள்ள நிரல், தாளில் எந்தக் கட்டத்தை மாற்றினாலும் மீளக் கணிக்கப்படும். அடுக்கி முடித்த அடுத்த கணமே எண்கள் மாறிவிடுவதால், அடுக்கின வரிசைக்குப் பக்கத்தில் வரிசையில்லாத எண்கள் நிற்கும். கணக்காய்வாளர் அதைப் பார்த்தால் நீங்கள் கையால் மாற்றியதாகவே நினைப்பார். ராண்ட் நிரலை முழுதாகப் பிரதி செய்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

பக்கம் பக்கமாகக் காட்டும் செயலியா? முதல் பக்கத்தில் வந்தவர் இரண்டாம் பக்கத்திலும் வருவார், இன்னொருவர் எந்தப் பக்கத்திலும் வரமாட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் குலுக்குவதுதான் காரணம்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. குலுக்கலை ஒரு தடவை செய்து முடிவை ஓர் அட்டவணையில் பூட்டுங்கள்:

கிரியேட் டேபிள் தெரிவு_வலை அஸ் செலக்ட் இலக்கம், பெயர், பிரிவு, நவ்() அஸ் எடுத்த_நேரம் ஃப்ரொம் பயனாளி ஆர்டர் பை ராண்ட்() லிமிட் 20;

இதற்குப் பிறகு திரையில் காட்டுவது, அச்சடிப்பது, எக்செலுக்கு அனுப்புவது எல்லாம் தெரிவு_வலை என்ற அட்டவணையிலிருந்துதான். அதே பெயரில் இரண்டாம் முறை ஓடினால் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்று தரவுத்தளமே மறுத்துவிடும். அந்த மறுப்பு உங்களுக்குக் காவல். அதை அழித்துவிட்டு மீள எடுக்கும் பழக்கம் வேண்டாம்.

பிறகு யாராவது "திருப்பிச் செய்து காட்டு" என்று கேட்கக்கூடிய தெரிவென்றால் இன்னும் ஒரு படி போகலாம். பெயர்ப் பட்டியலைச் சாட்சிகள் முன்னால் மூடிவிட்டு, அதன் பிறகு கூட்டத்தில் உள்ள ஒருவரை ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். 4817 என்றால்:

ஆர்டர் பை எம்டி5(கொன்கட்(இலக்கம், '-4817')) லிமிட் 20

எம்டி5 கொடுத்த எழுத்துக்களை ஒழுங்கே தெரியாத ஒரு குறியாக்கும், ஆனால் அதே எழுத்துக்கு எப்போதும் அதே குறிதான். ஆகவே இது எத்தனை தரம் ஓடினாலும், எந்தக் கணினியில் ஓடினாலும் அதே 20 பேரைத் தரும். ராண்ட்(4817) என்று வித்துப் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அந்த எண்கள் நிரைகள் வாசிக்கப்படும் ஒழுங்கில் ஒட்டிக்கொள்கின்றன. இடையில் ஒருவரைச் சேர்த்தாலோ அழித்தாலோ வரிசை குலையும். எம்டி5 முறையில் ஒவ்வொருவரின் இடமும் அவருடைய இலக்கத்தையும் அந்த எண்ணையும் மட்டும் பொறுத்தது. எண்ணைப் பட்டியல் மூடுவதற்கு முன்னர் கேட்டுவிடாதீர்கள். எண் தெரிந்தால் யார் வருவார் என்பதும் முன்கூட்டியே தெரியும். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் எம்டி5 உள்ளே கட்டப்பட்டு வருவதில்லை, அங்கே பூட்டிய அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: சிலருக்கு மட்டும் அடிக்கடி விழுது

முதலில் பட்டியலைப் பாருங்கள், பிறகு வரியைப் பாருங்கள்.

ஒரே ஆள் இரண்டு தரம் பதிந்திருக்கிறாரா? 2016 இல் 12 இலக்க அடையாள அட்டை வந்தது. அதற்கு முந்தியது 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். பழைய அட்டையோடு ஒரு தரமும் புதிய அட்டையோடு ஒரு தரமும் பதிந்தவர் குலுக்கலில் இரண்டு சீட்டோடு நிற்கிறார். தரவுத்தளத்துக்கு அவை வேறு வேறு இலக்கம், ஆகவே தனித்துவச் சாவி போட்டிருந்தாலும் பிடிபடாது. பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றி ஒப்பிடுங்கள். கடைசி எழுத்தை விட்டுவிட்டு முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின்னால் ஒரு 0 நுழைத்தால் 12 இலக்கம் (தேஅஅ என்பது தேசிய அடையாள அட்டை இலக்கம் உள்ள புலம்):

கொன்கட்('19', லெஃப்ட்(தேஅஅ, 5), '0', சப்ஸ்ட்ரிங்(தேஅஅ, 6, 4))

இதை ஒரு புதிய நிரலில் நிரப்பி, குரூப் பை போட்டு, கவுண்ட் ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் சிறி, ஸ்ரீ என்றும் தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாகவும் பதிந்தவை தப்பிவிடும். யாரை அழிப்பது என்பதைக் கணினி முடிவு செய்யக்கூடாது. பட்டியலைக் கிராம அலுவலரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்த பிறகு அழியுங்கள்.

வேறு அட்டவணையோடு ஜொயின் (இரண்டு அட்டவணைகளை இணைக்கும் கட்டளை) போட்டிருக்கிறீர்களா? பயனாளியைக் காணித்துண்டு அட்டவணையோடு சேர்த்துவிட்டுக் குலுக்கினால், மூன்று துண்டு உள்ளவர் மூன்று நிரையாகிவிடுவார். மூன்று மடங்கு வாய்ப்பு. சரிபார்ப்பது இலகு: குலுக்கலையும் லிமிட்டையும் எடுத்துவிட்டு அதே வினவலின் நிரைகளை எண்ணுங்கள். தாளில் எழுதிய மொத்தத்தை விடக் கூடுதலாக வந்தால் காரணம் இதுதான். ஆட்களை முதலில் தெரிவு செய்து பூட்டிவிட்டு, காணி விபரத்தைப் பிறகு சேருங்கள்.

வேகத்துக்காக இலக்கத்தை ஊகித்து எடுக்கும் வரியா? இணையத்தில் எங்கும் கிடக்கும் தந்திரம் இது: ஓர் எழுமாற்று எண்ணை எடுத்து, இலக்கம் >= அந்த எண், லிமிட் 1. இலக்கங்களில் இடைவெளி இல்லாதவரை சரி. இடம்பெயர்ந்து வேறு மாவட்டத்துக்குப் போனவர்கள், சோதனைக்குப் பதிந்தவை என்று அழித்து அழித்து எங்கள் பட்டியல்கள் ஓட்டையாகவே இருக்கும். 1 முதல் 1000 வரையான இலக்கங்களில் 301 முதல் 699 வரை அழிந்துவிட்டது என்று வையுங்கள். 301 இலிருந்து 700 வரை எந்த எண் விழுந்தாலும் 700 ஆம் இலக்கக்காரர்தான் வருவார். 601 பேர் உள்ள பட்டியலில் அவருக்கு மட்டும் 40 வீத வாய்ப்பு. மற்ற ஒவ்வொருவருக்கும் ஆயிரத்தில் ஒன்று. அவர் சங்கத் தலைவரின் மச்சான் என்றால் உங்களை எந்தக் கடவுளும் காப்பாற்றாது. சிறிய பட்டியலுக்கு இந்தத் தந்திரமே தேவையில்லை, தூக்கி எறியுங்கள்.

கிட்டிய முழு எண்ணாக்கும் ரவுண்ட் பாவித்திருக்கிறீர்களா? ரவுண்ட்(ராண்ட்()*100) 0 முதல் 100 வரை எண் தரும். இரு ஓரங்களுக்கும் மற்றவற்றின் பாதி வாய்ப்புத்தான், 0 ஆம் இலக்கத்தில் ஆளும் இல்லை. தசமத்தை வெட்டிவிடும் ஃபுளோர் கொண்டு ஃபுளோர்(ராண்ட்()*100)+1 என்று மாற்றுங்கள்.

## அறிகுறி: 50 கேட்டால் 47 வருது, சில நேரம் ஒன்றுமே வருவதில்லை

தெரிவு செய்த பிறகு கழிக்கிறீர்களா? 50 பேரை எடுத்துவிட்டு, இறந்தவர், வெளிநாடு போனவர் என்று வெளியே நீக்கினால் குறையத்தான் செய்யும். அந்த நிபந்தனைகளை வேர் (ஆங்கில where, எந்த நிரைகள் வேண்டும் என்று சொல்லும் இடம்) பகுதியில், குலுக்கலுக்கு முன்னர் வையுங்கள். இல்லாத ஆளுக்காகப் பதிலாளைப் பிறகு கையால் பிடித்துப் போடுவதுதான் அடுத்த முறைப்பாட்டின் தொடக்கம். கள ஆய்வென்றால் 50 க்குப் பதிலாக 60 பேரைப் பூட்டி, 51 இலிருந்து 60 வரை வரிசைப்படி மாற்று ஆட்கள் என்று முதலே அறிவித்துவிடுங்கள்.

வேரில் ராண்ட் இருக்கிறதா? வேர் இலக்கம் = ஃபுளோர்(ராண்ட்()*1200)+1 என்ற வரி ஒருவரைத் தரும் என்று நினைப்போம். மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் எல்லாம் அந்த எழுமாற்று எண்ணை ஒவ்வொரு நிரைக்கும் புதிதாக எடுக்கின்றன. சிலவேளை ஒருவர், சிலவேளை இருவர். ஏறத்தாழ 37 வீதமான தடவைகளில் யாரும் இல்லை. எண்ணை முதலில் ஒரு மாறியில் பிடியுங்கள்: செட் @எண் = ஃபுளோர்(ராண்ட்()*1200)+1; பிறகு வேர் இலக்கம் = @எண்.

அட்டவணையிலிருந்து ஒரு மாதிரியை எடுக்கும் டேபிள்சாம்பிள் பாவிக்கிறீர்களா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.5 ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. கேட்பது வீதத்தை, எண்ணிக்கையை அல்ல. 5 வீதம் என்றால் 1,200 இல் சரியாக 60 வராது, கிட்டத்தட்டத்தான் வரும். சிறிய அட்டவணையில் அதன் இரு முறைகளில் ஒன்றான சிஸ்டம் முறையைப் போட்டால் ஒன்றுமே வராமலும் போகலாம். எண்ணிக்கை முக்கியம் என்றால் ஆர்டர் பை ரண்டம்() லிமிட் 50 க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: முழுக்க ஒரே பகுதி ஆட்கள்

முதலில், இது கோளாறுதானா என்று பாருங்கள். கிளிநொச்சி மாவட்டத்தின் 95 கிராம அலுவலர் பிரிவுகளில் 42 கரைச்சிப் பிரதேச செயலகப் பகுதியில். பூநகரியில் 19, பச்சிலைப்பள்ளியில் 18, கண்டாவளையில் 16. நேர்மையாகக் குலுக்கினாலும் கரைச்சிப் பெயர்கள் பாதிக்குக் கிட்ட வரும். பத்துப் பேர் மட்டும் எடுத்தால் பச்சிலைப்பள்ளிக்கு ஒன்றும் விழாமல் போவதும் நடக்கக்கூடியது. எழுமாறு என்றால் எல்லா ஊருக்கும் சமமாகப் பிரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரியாது.

எதிர்பார்த்த பங்கை விட மிகத் தூரம் விலகினால் இரண்டு இடத்தைப் பாருங்கள். மேலே சொன்ன ஆர்டர் பை இல்லாத வரி ஒன்று. மற்றது டேபிள்சாம்பிளின் சிஸ்டம் முறை. அது நிரை நிரையாக எடுப்பதில்லை, வட்டில் உள்ள 8 கிலோபைட் பக்கங்களை முழுதாக எடுக்கும். ஊர் ஊராகப் பதிந்த பட்டியலில் ஒரு பக்கம் என்றால் ஒரு தெருவே வந்துவிடும். மற்ற முறையான பேர்னூலி என்று மாற்றினால் நிரை நிரையாகத் தெரிவாகும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து பேர் என்று திட்டத்திலேயே கேட்டிருந்தால், வரி வேறு:

செலக்ட் * ஃப்ரொம் (செலக்ட் ப.*, ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை பிரிவு ஆர்டர் பை ராண்ட்()) அஸ் வரிசை ஃப்ரொம் பயனாளி ப) எ வேர் வரிசை <= 5;

மைஎஸ்கியூஎல் 8.0, மரியாடிபி 10.2, எஸ்கியூலைட் 3.25 என்பவற்றிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் ஓடும் (எஸ்கியூலைட்டில் ராண்ட்() க்குப் பதிலாக ரண்டம்()). அதற்கு முந்தியதென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரி எழுதி யூனியன் ஓல் போட்டு இணையுங்கள். ஒரு வினவலுக்காகப் பழைய சாம்பைத் தூக்கிப் புதியது போடும் வேலையை நீங்களாகச் செய்யவேண்டாம்.

ஓட்டுவதற்கு முன்னர் பிரிவின் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூநகரி, பூனகரி என்று இரண்டாகப் பதிந்திருந்தால் அந்தப் பிரிவுக்குப் பத்துப் பேர் விழும்.

## அறிகுறி: வினவல் தொங்குது

சில ஆயிரம், சில பத்தாயிரம் நிரைக்கு ஆர்டர் பை ராண்ட்() பிரச்சினையே இல்லை. பழைய மடிக்கணினியிலும் கண் மூடித் திறப்பதற்குள் முடியும். அந்த அளவில் தொங்கினால் குலுக்கலைச் சந்தேகிக்காமல், நிரைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடையாள அட்டைப் படத்தை ஸ்கேன் பண்ணி அட்டவணைக்குள்ளேயே போட்டிருப்பார்கள். நீண்ட எழுத்தும் படமும் வைக்கும் டெக்ஸ்ட், புளொப் புலங்களையும் சேர்த்து அடுக்கும்போது மரியாடிபி தற்காலிக அட்டவணையை வட்டில் எழுதும். இலக்கத்தை மட்டும் குலுக்கி, மிச்சத்தைப் பிறகு சேருங்கள்:

செலக்ட் ப.* ஃப்ரொம் பயனாளி ப ஜொயின் (செலக்ட் இலக்கம் ஃப்ரொம் பயனாளி ஆர்டர் பை ராண்ட்() லிமிட் 50) எ ஒன் ப.இலக்கம் = எ.இலக்கம்;

உள் வினவலை இன் (ஆங்கில in) என்பதன் அடைப்புக்குள் லிமிட்டோடு வைத்தால் மைஎஸ்கியூஎல் குடும்பம் ஏற்காது, ஆகவே ஜொயின்.

உண்மையிலேயே இலட்சக்கணக்கான நிரைகள் என்றால் முதலில் வேர் ராண்ட்() < 0.01 என்று சலித்து, மிஞ்சியதை மட்டும் ஆர்டர் பை ராண்ட்() லிமிட் 50 போடுங்கள். ஐந்து இலட்சத்தில் ஏறத்தாழ ஐயாயிரம்தான் அடுக்கலுக்குப் போகும். அதுவும் போதாமல், வலைத்தளத்தில் வினாடிக்குப் பல தரம் ஓடவேண்டிய வினவல் என்றால், எழுமாற்று எண்ணை ஒரு நிரலில் சேமித்துச் சுட்டி (வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ்) போடுவது போன்ற வேலைகள் வரும். அந்த இடத்தில் தரவுத்தளம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ரேம் வாங்குவதை அவர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள்.

## அறிகுறி: சிவப்பில் பிழைச் செய்தி

ராண்ட் என்ற செயற்பாடு இல்லை என்றால், போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூலைட்டிலும் ரண்டம்(), ஒராக்கிளில் டிபிஎம்எஸ்_ரண்டம்.வல்யூ. ஒராக்கிளில் ரோநம் <= 50 ஐ அதே மட்டத்தில் போட்டால் குலுக்கலுக்கு முன்னரே 50 வெட்டப்பட்டுவிடும், அடுக்கலை உள்ளே வையுங்கள். ஒரே நிரை இரு தரம் வராமல் தடுக்கும் டிஸ்டிங்டோடு ஆர்டர் பை ரண்டம்() போட்டால் போஸ்ட்கிரெஸ் மறுக்கும். ரண்டத்தைச் செலக்ட் பகுதியில் சேர்த்தால் பிழை மறையும், ஆனால் டிஸ்டிங்ட் செத்துவிடும். டிஸ்டிங்டை உள்ளே முடித்து வெளியே குலுக்குங்கள்.

## எப்போது நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது

அட்டவணை பழுது என்று செய்தி வந்தால், பிரதி இல்லையென்றால், அல்லது அந்தத் தரவுத்தளத்தில் வேறு ஆட்கள் அதே நேரம் வேலை செய்துகொண்டிருந்தால், உடனே கையை எடுங்கள். வீடு, காணி, வேலைவாய்ப்பு போன்ற தெரிவுகளுக்கு ராண்ட்() போதாது. அதன் எண்கள் பாதுகாப்புக்கென்று உருவாக்கப்பட்டவை அல்ல. அங்கே பிரதேச செயலகத்தின் நடைமுறைப்படி எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்குவதே மேல், கணினி பட்டியலை அச்சடிக்கும் வேலையோடு நிற்கட்டும்.

வருபவரிடம் கொடுக்க எடுத்து வையுங்கள்: தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பும், மொத்த நிரை எண்ணிக்கை, ஓடிய வரியின் முழு எழுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளின் படம், பென்டிரைவில் உள்ள பிரதி. வரியை ஞாபகத்தில் இருந்து சொல்லாதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள்.